யாருடைய போலேட்? பிள்ளைகளின் குடலழற்சியும் குடற் பக்டீரியாவும்



நான் வைத்தியன் அல்லன். ஆய்வுகூடத்தில் குருதி மாதிரிகளோடு உழைத்து ஓய்வுபெற்றவன். கட்டிலருகே நின்று நோயாளியைப் பார்த்தவர்கள் சொல்ல வேண்டியதை நான் சொல்ல வரவில்லை. குருதிக் குழாய்கள் வந்து சேரும் யன்னலுக்குப் பின்னால் நின்றவனுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த யன்னலில் அறிக்கையைக் கையில் வாங்கும் தாய்மார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “பிள்ளைக்குச் சத்துக் குறைஞ்சிருக்கா ஐயா?” ஈமோகுளோபினைப் பற்றிக் கேட்டால் ஓரளவு நேரான விடை உண்டு. போலேட் என்ற விற்றமினைப் பற்றிக் கேட்டால் இல்லை. பிள்ளைக்குக் குடல் நோய் என்றால் அறவே இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் இன்றைய பேச்சு. பிள்ளையின் குருதியில் இருக்கும் போலேட் ஒரு கூட்டுக் கணக்கின் மீதி. சாப்பாட்டுக் கோப்பையும் அதில் பணம் போடுகிறது, குடலில் குடியிருக்கும் பக்டீரியாவும் போடுகிறது. எடுப்பவர்களும் பலர். மீதியை மட்டும் பார்த்து யார் போட்டார், யார் எடுத்தார் என்று சொல்லிவிட முடியாது.

முதலில் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடலழற்சி நோய் என்ற பெயருக்குள் முக்கியமாக இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, பெருங்குடலின் உட்சுவரில் புண் உண்டாக்கி இரத்தத்தோடு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். மற்றது குரோன் நோய். வாயிலிருந்து மலவாசல் வரை எங்கும் வரலாம், ஆனால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம் வரும். பிள்ளைகளுக்கு வரும்போது இரண்டும் வளர்ச்சியில் கை வைக்கின்றன. வயிற்றுவலிக்கு முன்பே பாடசாலைச் சட்டை தளர்ந்துபோவதைத்தான் சில பெற்றோர் கவனித்திருப்பார்கள். நம் நாடுகளில் குடற் காசநோயும் ஏறத்தாழ இதே அறிகுறிகளோடு வருவதால், நோயைப் பிரித்தறியவே மாதங்கள் போவதுண்டு.

நாம் கூடியிருக்கும் பேலியகொடை இந்த நோயின் இலங்கைக் கணக்கில் ஒரு எல்லைக்கோடு. களனி ஆற்றுக்குத் தெற்கே கொழும்பு மாவட்டம், வடக்கே நாம் இருக்கும் கம்பஹா மாவட்டம். இந்த இரண்டு மாவட்டங்களின் வைத்தியசாலைகளிலும் நோயாளரைத் தேடி எண்ணிய ஆய்வொன்றை ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் முன்னின்று நடத்தி 2010இல் வெளியிட்டார்கள். ஒரு இலட்சம் பேரில் 5.3 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், 1.2 பேருக்குக் குரோன் நோய் என்றது அது. மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய எண்கள். இலங்கையும் சேர்ந்த ஆசிய-பசிபிக் ஆய்வு 2013இல் வெளியானபோது, ஆண்டுதோறும் புதிதாக நோய் வருவோர் ஆசியாவில் இலட்சத்துக்கு 1.37 பேர், அவுஸ்திரேலியாவில் 23.67 பேர் என்று தெரிந்தது. ஆனால் நகரங்கள் பெருகும் இடமெல்லாம் எண் ஏறுகிறது என்பதையும் அதே ஆய்வாளர்கள் சேர்த்துச் சொன்னார்கள்.

இனி போலேட். கீரையிலும் பருப்பிலும் ஈரலிலும் இருக்கும் பி வகை விற்றமின். கலம் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ. புதிதாக எழுதப்பட வேண்டும். அந்த எழுத்துக்கு வேண்டிய ஒற்றைக் கரிமத் துணுக்குகளைக் கொண்டுவந்து கொடுப்பது போலேட். எலும்பு மச்சையும் குடலின் உட்சுவரும் உடம்பில் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள். ஆகவே தட்டுப்பாடு வந்தால் முதலில் அடிபடுவதும் அவைதான். செங்குழியங்கள் பருத்து, எண்ணிக்கை குறையும். குடற்சுவர் மெலியும், மெலிந்த சுவர் இன்னும் குறைவாகப் போலேட்டை உறிஞ்சும்.

இந்த விற்றமினைக் கண்டுபிடித்த கதையில் நம் மண்ணுக்குப் பங்கு அதிகம். பாடப்புத்தகம் அதைச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான இரத்தச்சோகைக்கு ஆளாகி இறந்துகொண்டிருந்தார்கள். தொற்றுநோயா, உணவா என்பது கேள்வி. 1929இல் அவர் குன்னூருக்குப் போனார்; அங்கே ராபர்ட் மக்கரிசன் உணவுச்சத்து ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். 1931இல் சென்னையில், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று திருவல்லிக்கேணியில் இருக்கும் பழைய கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அந்தப் பெண்கள் சாப்பிட்ட அதே உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளுக்கு இரத்தச்சோகை வந்தது. ஆனால் எலிப்பேன் கொண்டுவந்த ஒரு தொற்றும் இடையில் புகுந்து முடிவைக் குழப்பியது. பிறகு குரங்குகளிடம் போய்த்தான் தெளிவு கிடைத்தது. உணவும் நுண்ணுயிரும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணை அசைக்கும் இந்தச் சிக்கல் கதையின் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிட்டதைக் கவனியுங்கள்.

குணமாக்கியது எது? மார்மைட். ஈஸ்ட் என்னும் நொதியத்தின் சாறு, அந்தக் கறுத்தக் களி. கொழும்பில் காலையில் பாணுக்குப் பூசும் அதே போத்தல். ஈரற்சாறு விலை கூடியது, மார்மைட் மலிவு. 1931இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வில்ஸ் எழுதினார். உள்ளே இருக்கும் சரக்கு என்னவென்று தெரியாததால் பல காலம் அதற்கு வில்ஸ் காரணி என்றே பெயர்.

மூன்றே ஆண்டுகளில் மார்மைட்டுக்கு இலங்கையில் வேலை வந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கத்துக் கிராமங்களில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் பருப்பும் மார்மைட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மகாத்தயா’ என்ற பட்டம் வந்தது அப்போதுதான். மலேரியா செங்குழியங்களை உடைக்கிறது. உடைந்ததை ஈடுசெய்ய எலும்பு மச்சைக்குப் போலேட் வேண்டும். பருப்பிலும் மார்மைட்டிலும் போலேட் நிறைய. அவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வழியில்லை. பசிக்குக் கொடுத்தார்கள், பொருத்தமாகவும் அமைந்துவிட்டது.  இந்த விஷயத்தில் அவர்களின் பருப்பு மூட்டைக்கு மதிப்பெண் போடத்தான் வேண்டும்.

இதற்கும் முன்னால் இலங்கைக்கு ஒரு குடல் நோயோடு கெட்ட பெயர் இருந்தது. தோட்டத் துரைமாருக்கு வாய் புண்ணாகி, நுரைத்த வயிற்றோட்டம் போய், எலும்பும் தோலுமாக ஆக்கும் நோய். ஸ்ப்ரூ என்பார்கள், ‘சிலோன் வாய்ப்புண்’ என்றும் சொன்னார்கள். 1912 முதல் 1914 வரை பிலிப் பார் என்ற இலண்டன் வைத்தியர் இங்கே தங்கி அதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். அவருடைய சந்தேகம் போன இடம் வாயில் வெண்படலம் போடும் ஒரு நொதியம். நொதியம்தான் குற்றவாளி என்று அவர் நினைத்த நோய்க்குப் பிற்காலத்தில் மருந்தானது, வில்ஸ் இன்னொரு நொதியத்தின் சாற்றில் கண்ட அதே சத்து.

அந்த மருந்தைச் செய்து காட்டிய குழுவின் தலைவரும் நம் பக்கத்தவர். யெல்லாப்ரகட சுப்பாராவ் 1895இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். சகோதரர்களை ஸ்ப்ரூவுக்குப் பறிகொடுத்தார். தானும் அந்த நோயில் விழுந்து எழுந்தார். அமெரிக்கா போய், லெடர்லி நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். 1945இல் அவருடைய குழு, போலேட்டின் ஒரு வடிவமான போலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. மறு ஆண்டுக்குள் டாம் ஸ்பீஸ் என்பவர் கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்ப்ரூ நோயாளருக்கு அதைக் கொடுத்துத் தேற்றினார்.

ஆய்வுகூடத்துக்காரன் என்ற முறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். லெடர்லி குழு தன் முதல் கட்டுரையில் அந்தப் பொருளை ‘லக்டோபசிலஸ் கேசிக் காரணி’ என்றே குறிப்பிட்டது. ஏனென்றால் லக்டோபசிலஸ் கேசி என்ற பக்டீரியா இது இல்லாமல் வளராது. 1941இல் டெக்சாஸில் கீரையை டன் கணக்கில் அரைத்து இந்தச் சத்தைப் பிரித்தவர்களும், தங்கள் கையில் இருப்பது சரியான சரக்குத்தானா என்று ஒரு பால் பக்டீரியாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். பக்டீரியாவின் பசியை வைத்துக் கண்டுபிடித்த விற்றமின் இது. இன்றைக்கும் போலேட்டை அளக்க உலக அளவில் மேற்கோளாகக் கொள்ளும் முறை அதுவே: குருதித் துளியைப் பக்டீரியாவுக்குப் போடு, அது எவ்வளவு வளர்கிறது என்று பார்.

அப்படியானால் போலேட்டைத் தானே செய்துகொள்ளும் பக்டீரியாவும் உண்டா? நிறைய உண்டு. நம் பெருங்குடலில் இருக்கும் பிஃபிடோபக்டீரியா வகைகளில் சில நன்றாகச் செய்கின்றன. தயிரில் வரும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தெர்மோஃபிலஸ் செய்கிறது. லக்டோபசிலஸ் குடும்பத்தில் பலவற்றுக்குச் செய்யத் தெரியாது. அயலவர் செய்ததை எடுத்துக்கொள்ளும். பெருங்குடல் வெறும் கழிவுக் குழாய் என்று நாங்கள் படித்த காலம் போய்விட்டது. அடையாளமிட்ட போலேட்டைப் பெருங்குடலின் தொடக்கத்தில் விட்டு, அது குருதிக்குள் வருவதை 2009இல் காட்டினார்கள். மேலே முன்சிறுகுடலில் உறிஞ்சப்படும் வேகம் அங்கே கிடையாது. ஆனால் சரக்கு அங்கே நாட்கணக்கில் தங்குகிறது. மெதுவாக நடந்தாலும் சேரத்தானே செய்யும்.

பக்டீரியா இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் சிறுகுடலுக்குள் ஏறிக் குடியிருந்தால் நிலைமை வேறு. இதை உலகுக்கு நன்றாகக் காட்டியவர்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் முக்கியமானவர்கள். 1960களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாகவே பரவியது. அவர்கள் கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். 1972இல் வெளியான அவர்களது கட்டுரை, நோயாளரின் சிறுகுடலில் பக்டீரியாவை எண்ணியது. எண்ணப்போன இடத்தில், நோயே இல்லாத தென்னிந்தியரின் சிறுகுடலிலும் மேற்கத்தியப் பாடநூல் அனுமதிக்காத அளவு பக்டீரியா இருந்தது! ஸ்ப்ரூவுக்குப் போலிக் அமிலமும் டெட்ராசைக்கிளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுப்பது வழக்கமானது. ஒன்று சத்து, ஒன்று பக்டீரியாவுக்கு எதிரி. இரண்டும் வேண்டியிருந்தன. 1980இல் அதே வேலூர்க் குழு, சிறுகுடலில் குடியிருக்கும் சில பக்டீரியாக்கள் பி12 விற்றமினையும் செய்கின்றன என்று ‘நேச்சர்’ சஞ்சிகையில் காட்டியது.

பொதுவாக, சிறுகுடலில் பக்டீரியா பெருகினால் குருதி அறிக்கையில் ஒரு விசித்திரமான சோடி தெரியும். பி12 குறையும், போலேட் கூடும். பி12ஐப் பக்டீரியா விழுங்கிவிடுகிறது. போலேட்டைச் செய்து வெளியே விடுகிறது. இப்போது ஒரு குரோன் நோய்ப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அழற்சியால் குடல் ஓரிடத்தில் சுருங்கி, மேலே உணவு தேங்குகிறது. அல்லது சத்திரசிகிச்சையில் சிறுகுடலின் கடைசித் துண்டோடு, பெருங்குடல் பக்டீரியா மேலே ஏறாமல் காக்கும் வால்வும் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் போலேட் அறிக்கை உயர்ந்து வந்தால் தாய் சந்தோஷப்படுவாள். எனக்கோ அந்த உயர்வு கவலை தரும். கூட்டுக் கணக்கில் பணம் போட்டவர் யாரென்று கேட்க வேண்டிய நேரம் அது.

மருந்துகளுக்கு வருவோம். ஒரே குளிசைக்குள் போலேட், பக்டீரியா, குடலழற்சி மூன்றும் சந்திக்கும் இடம் இருக்கிறது: சல்ஃபசலசீன். சுவீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற வைத்தியர் 1940 வாக்கில் உருவாக்கியது. சலிசிலேட் வகைத் துண்டொன்றையும் சல்ஃபா மருந்தொன்றையும் ஒரு நைதரசன் பாலத்தால் பிணைத்தார். சல்ஃபா மருந்துகள் எப்படிப் பக்டீரியாவை அடக்குகின்றன? பக்டீரியா தனக்கு வேண்டிய போலேட்டைச் செய்யவிடாமல் தடுத்து. நாம் போலேட்டைச் செய்வதில்லை, சாப்பிடுகிறோம். அதனால்தான் அந்த மருந்து நம்மைக் கொல்வதில்லை. ஆனால் இந்தக் குளிசை விழுங்கியபடியே உடையாமல் இருந்தால் பயனில்லை. பெருங்குடல் பக்டீரியா அந்தப் பாலத்தை உடைக்க வேண்டும். பக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளில் குளிசை உடையாமல் அப்படியே வெளியேறியதை 1972இல் பெப்பர்கோர்னும் கோல்ட்மனும் காட்டினார்கள். குடலுக்குள் வேலை செய்வது எந்தத் துண்டு என்பதை 1977இல் ஒக்ஸ்போர்டில் உறுதிசெய்தவர்களில் முதற் பெயர் வங்காளதேசத்தவரான ஆசாத் கானுடையது. அது சலிசிலேட் துண்டு, இன்றைய மெசலசீன். சல்ஃபாத் துண்டு கூடவந்த சுமைதான்.

இந்தக் குளிசையே பிள்ளையின் குடல் போலேட்டை உறிஞ்சுவதையும் குறைக்கிறது. 1973 முதல் தெரிந்த சங்கதி. ஆகவே சல்ஃபசலசீன் எடுக்கும் பிள்ளைக்குப் போலிக் அமிலமும் எழுதுவார்கள். மெசலசீன் வந்தபின் இந்தத் தொல்லை குறைந்தது, விலை கூடியது. மூட்டுவலியும் சேர்ந்துவரும் பிள்ளைகளுக்குச் சல்ஃபசலசீன் இன்னமும் பயன்படுகிறது.

இன்னொரு மருந்து மெதொட்ரெக்சேற். இதற்கும் சுப்பாராவின் ஆய்வுகூடம்தான் பிறப்பிடம். போலிக் அமிலத்தைச் செய்யத் தெரிந்தவர்கள் அதைப் போலவே தோன்றி அதன் இடத்தை அடைக்கும் போலிகளையும் செய்தார்கள். 1948இல் பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் அவற்றில் ஒன்றை இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததோடு புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை புதிய பாதையில் இறங்கியது. அந்த வரிசையில் வந்த மெதொட்ரெக்சேற்றைத்தான் சிறு அளவில், கிழமைக்கு ஒரே ஒரு தரம், சில குரோன் நோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். கூடவே போலிக் அமிலமும் கொடுக்கிறார்கள். போலேட்டை மறிக்கும் மருந்தையும் போலேட்டையும் ஒன்றாக ஏன் கொடுக்கிறார்கள் என்று குழம்பும் பெற்றோர், தாங்களாக ஒன்றை நிறுத்திவிடுவதுண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வாய்ப்புண், ஓங்காளம், ஈரல் பாதிப்பு போன்ற பக்கவிளைவுகளைக் குறைக்கவே அந்தச் சின்ன மஞ்சள் குளிசை. அதேபோல மெதொட்ரெக்சேற்றைத் தவறி நாள்தோறும் கொடுத்தால் உயிராபத்து.

புதிதாக நோய் கண்டறியப்பட்ட, இன்னும் மருந்து தொடங்காத பிள்ளைகளில் போலேட் எப்படி இருக்கிறது? கலிபோர்னியாவில் மெல்வின் ஹேமன் குழுவினர் 2009இல் பார்த்தார்கள்.  சாப்பாட்டில் எடுத்த போலேட், நோயில்லாத பிள்ளைகளைவிடக் குறைவு. ஆனால் குறைபாடு என்று சொல்லும் எல்லைக்குக் கீழே ஒரு பிள்ளைகூட விழவில்லை. ஆகவே எல்லாருக்கும் போலிக் அமிலம் கொடுக்கத் தேவையில்லை என்று பலர் இதைப் படித்தார்கள். நான் அப்படிப் படிக்க மாட்டேன். அமெரிக்காவில் 1998 முதல் தானிய மாவில் போலிக் அமிலம் சேர்ப்பது சட்டம். அந்தப் பிள்ளைகள் பாண் தின்றாலே கணக்கில் காசு ஏறும். இலங்கையில் கோதுமை மாவுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அவர்களுக்குக் கீழே ஒரு மெத்தை இருந்தது. நம் பிள்ளைகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அளந்த பிறகுதான் அந்த முடிவை இங்கே கொண்டுவரலாம்.

பக்டீரியாப் பக்கம் 2014இல் ஒரு பெரிய வேலை வெளியானது. டிர்க் கெவர்ஸ் முதலியோர் வட அமெரிக்காவில் மருந்து தொடங்காத 447 குரோன் நோய்ப் பிள்ளைகளின் குடற்சுவர் மாதிரிகளை ஆராய்ந்தார்கள். எண்டரோபக்டீரியா குடும்பம், வாயில் வழக்கமாக இருக்கும் சில வகைகள் எல்லாம் கூடியிருந்தன. பெருங்குடலின் பழைய குடிகளான பக்டெரொய்டுகளும் குளொஸ்ட்ரிடியா வகைகளும் குறைந்திருந்தன. நுண்ணுயிர்க்கொல்லி எடுத்த பிள்ளைகளில் இந்தக் குலைவு இன்னும் கூடுதல். மலத்தைவிடக் குடற்சுவரில் எடுத்த மாதிரி நோயைத் தெளிவாகக் காட்டியது. போலேட்டைச் செய்பவர்களும் தின்பவர்களும் இடம் மாறினால் கணக்கின் வரவு மாறத்தானே வேண்டும். எலிகளில் நடந்த இன்னொரு ஆய்வும் உண்டு: 2012இல் ஜப்பானியர் சிலர், அழற்சியை அடக்கி வைக்கும் ஒருவகை வெண்குழியங்கள் பெருங்குடலில் தாக்குப்பிடிக்க உணவுப் போலேட் தேவை என்று காட்டினார்கள். எலிக்கு நடந்தது பிள்ளைக்கும் நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

‘நல்ல பக்டீரியா’ என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை குறைவு. குரோன் நோய்ப் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய வழிகாட்டிகள் முதலில் சொல்லும் சிகிச்சை, ஆறு முதல் எட்டுக் கிழமை வேறு எதுவும் தராமல் முழுச்சத்துத் திரவ உணவு மட்டும் கொடுப்பது. பிள்ளை தேறுகிறது, குடற்சுவரும் ஆறுகிறது. ஆனால் கிளாஸ்கோவில் ஜெரசிமிடிஸ் குழுவினர் 2014இல் பார்த்தபோது, அந்தக் கிழமைகளில் நல்லவை என்று பெயர் எடுத்த பக்டீரியாக்கள் கூடவில்லை, குறைந்தன! பிள்ளை தேறத் தேற நல்லவர்கள் குறைந்தார்கள். மருந்துக்கடையில் கப்சூல் கப்சூலாக விற்கும் பக்டீரியாவைக் குரோன் நோய்க்கு வாங்கிக் கொடுக்குமுன் இந்த முடிவை ஒருமுறை யோசியுங்கள். அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு முட்டையும் மீனும் வாங்கலாம்.

மீன் என்றதும் இந்த ஊர் ஞாபகம் வருகிறது. 2011இல் புறக்கோட்டை செயின்ட் ஜோன்ஸ் மீன் சந்தை இங்கே வந்தது. 2020 முடிவில் மெனிங் காய்கறிச் சந்தையும் ஆற்றைத் தாண்டி வந்து சேர்ந்தது. கொழும்புப் பிள்ளைகளின் பி12இல் பெரும்பங்கும் போலேட்டில் பெரும்பங்கும் இப்போது பேலியகொடையில்தான் விடியற்காலையில் லொறியிலிருந்து இறங்குகின்றன. பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன், பயற்றங்காய் ஒரு பக்கம். சாளை, சூடை, நெத்தலி மறுபக்கம். குடல் நோயென்றால் நம் வீடுகளில் முதலில் நிறுத்துவது கீரை, அடுத்தது பருப்பு. குடல் சுருங்கியிருக்கும்போது நார்ச்சத்தைக் குறைக்கச் சொல்வது நியாயம். கீரைத் தண்டு அங்கே சிக்கும். ஆனால் சுருக்கம் இல்லாத, நோய் தணிந்த பிள்ளைக்கும் பாணும் வெள்ளைச் சோறும் மட்டும் என்று ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறோமே, அதற்கு எந்தப் பரிந்துரையும் இல்லை. அவித்த பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 180 மைக்குரோகிராம் போலேட் இருக்கிறது. நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டியது 200. மசித்த மைசூர்ப் பருப்பு நார் அதிகம் உறுத்தாது.

சமைக்கும் முறையும் கணக்கில் வரும். வட அயர்லாந்தில் 2002இல் அளந்தபோது, பசளிக் கீரையைத் தண்ணீரில் அவித்தால் பாதிப் போலேட் தண்ணீரோடு போனது. ஆவியில் வேகவைத்தால் குறிப்பிடத்தக்க இழப்பே இல்லை. நம் வறையும் மல்லுங்கும் தண்ணீர் வடிக்காத சமையல். எங்கள் அம்மாமார் செய்தது சரி. அவித்து வடித்து ஊற்றும் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று ஆராய இது மேடையில்லை.

சைவ உணவுக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். குரோன் நோய் பெரிதும் பிடிப்பதும் அதே இடத்தை. மீன் முட்டை இல்லாத வீட்டில், அந்தப் பகுதி வெட்டி அகற்றப்பட்ட பிள்ளைக்குப் போலிக் அமிலக் குளிசை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் இரத்தம் சரியாகிவிடும், நரம்பு கெடும். பி12 குறைபாட்டின் இரத்த அறிகுறியைப் போலிக் அமிலம் மூடி மறைத்துவிடுகிறது. இரண்டையும் அளக்காமல் ஒன்றை மட்டும் கொடுக்கக்கூடாது.

ராகமையிலும் பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் கிளினிக்குகளுக்கு வரும் இப்பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்யலாம். மருந்து தொடங்குமுன் செங்குழியப் போலேட், பி12, குடல் பக்டீரியா, மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்பு. பெரிய செலவில்லை. போலிக் அமிலம் சேர்க்காத மாவு உண்ணும் பிள்ளைகளில் பக்டீரியாவின் பங்கு எவ்வளவு என்பதை அமெரிக்காவில் பார்ப்பதைவிட இங்கே தெளிவாகப் பார்க்கலாம். வேலூர்க்காரர் கிராமத்துக்குப் போய்ச் செய்ததை, கிளினிக்குக்கு வருகிறவர்களிடமே நாம் செய்யலாம்.

கடைசியாக என் மேசைக்குரிய வேண்டுகோள். சீரப் போலேட் நேற்றுச் சாப்பிட்டதைக் காட்டும்; செங்குழியப் போலேட் கடந்த மூன்று நான்கு மாதத்தைக் காட்டும், ஏனெனில் செங்குழியத்தின் ஆயுள் 120 நாள். இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஒப்பிடாதீர்கள். குருதி எடுக்கும்போது செங்குழியம் உடைந்தால் சீர அளவு பொய்யாக உயரும். பக்டீரியாவை வைத்து அளக்கும் முறையில், பிள்ளையின் குருதியில் நுண்ணுயிர்க்கொல்லியோ மெதொட்ரெக்சேற்றோ இருந்தால் எங்கள் பக்டீரியா வளராமல் அளவு பொய்யாகக் குறையும். வைத்தியசாலை இயந்திரங்களில் அதற்கு நேர்மாறு. மெதொட்ரெக்சேற்றையே போலேட் என்று எண்ணிவிடும் அபாயம் அவற்றுக்கு உண்டு. ஆகவே பரிசோதனைப் படிவத்தில் பிள்ளை எடுக்கும் மருந்துகளின் பெயர், கடைசி மெதொட்ரெக்சேற் எந்தத் திகதி, கடந்த மாதத்தில் நுண்ணுயிர்க்கொல்லி எடுத்ததா, குடலில் எந்தப் பகுதி வெட்டப்பட்டது என்ற இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். படிவத்தில் அதற்கென்று கட்டம் இருக்காது. பின்பக்கத்தில் எழுதுங்கள், நாங்கள் திருப்பிப் பார்ப்போம்.